விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகள், அச்சகங்கள், ஆடிட்டர் அலுவலகங்கள் என்று சிறு சிறு இடங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததிலிருந்து போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: "இதுல 11 போடலாமா?" கணினி 11-ஐ ஏற்குமா என்பதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். அந்தக் கணினியை நம்பி நடக்கும் வேலை மறுநாள் காலையும் நடக்குமா என்று பார்க்கத்தான் அரை நாள் ஆகிறது. அந்த அரை நாளில் நான் பார்ப்பவற்றை, என்னிடம் கேட்கப்படும் கேள்விகளின் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

மாறியே ஆக வேண்டுமா? 10-லேயே இருந்தால் கணினி நின்றுவிடுமா?

நிற்காது. நேற்று ஓடிய மாதிரியே இன்றும் ஓடும். ஆனால் இலவசமாக மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. வீட்டுக் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு நீட்டிப்புத் திட்டம் கொடுத்திருக்கிறது. அதில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர், அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வில் இருந்தால்தான் சேர முடியும். வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் என்று பணம் சம்பந்தப்பட்ட வேலை நடக்கும் கணினியைத் திருத்தம் இல்லாமல் இணையத்தில் விட்டுவைக்காதீர்கள். மாறுவதற்கு நேரம் வேண்டுமென்றால் முதலில் இந்தத் திட்டத்தில் சேருங்கள், அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்.

விண்டோஸ் 11 என் கணினியிடம் என்ன கேட்கிறது?

குறைந்தது 1 கிகாஹெர்ட்ஸ் வேகமும் இரண்டு கோர்களும் உள்ள, மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் இடம்பெற்ற 64-பிட் ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதி உள்ள யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளின் புதிய வகை), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்); டைரக்ட்எக்ஸ் 12 தெரிந்த கிராஃபிக்ஸ். ரேமும் இடமும் பெரும்பாலும் பிரச்சினை தருவதில்லை, குறைந்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். தடை வருவது ப்ராசஸரிலும் டிபிஎம்மிலும்தான். இந்த இரண்டில் டிபிஎம்முக்கு அநேகமாக வழி உண்டு. ப்ராசஸருக்கு இல்லை.

என் ப்ராசஸர் பட்டியலில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் ப்ராசஸரின் முழுப் பெயர் இருக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து சேர்த்துக்கொள்கிறார்கள். ஐ5-7200யூ என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, ஆகாது. ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை, ஆகும். கோட்டுக்கு அப்புறம் வரும் எண்ணின் முதல் இலக்கமே தலைமுறை. 10210யூ, 1035ஜி1, 1135ஜி7 போல 10, 11 என்று தொடங்கினால் அவை பத்தாம், பதினோராம் தலைமுறைகள்.

"ஐ7 வாங்கினேன், எப்படி ஆகாமல் போகும்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தத் தலைமுறைக்குள் இருக்கும் தரம். ஆறாம் தலைமுறை ஐ7 பட்டியலில் இல்லை. எட்டாம் தலைமுறை ஐ3 இருக்கிறது.

ஏஎம்டியில் கொஞ்சம் குழப்பம் உண்டு. ரைசன் 2000 வரிசையிலிருந்து ஆகும் என்று பொதுவாகச் சொன்னாலும், லேப்டாப்களில் நிறைய வந்த ரைசன் 5 2500யூ பட்டியலில் கிடையாது. எண் 2000 வரிசை, உள்ளே இருப்பது முதல் தலைமுறை வடிவமைப்பு. ஏஎம்டி, செலரான், பென்டியம் எதுவானாலும் எண்ணை வைத்து ஊகிக்காமல் மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் செயலியை இறக்கி ஓட்டிப் பாருங்கள். காரணத்தோடு சொல்லிவிடும்.

"டிபிஎம் 2.0 இல்லை" என்று வருகிறது. அந்தச் சிப்பைத் தனியாக வாங்க வேண்டுமா?

எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட கணினி என்றால் வாங்கத் தேவையிருக்காது. டிபிஎம் வேலையைச் செய்யும் பகுதி ப்ராசஸரோடு சேர்ந்தே வந்திருக்கும், பயாஸில் அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்களில் இது சர்வ சாதாரணம். பயாஸில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி இயக்குங்கள்.

அதே பக்கத்தில் டிபிஎம்மைக் 'கிளியர்' செய்யும் வரி ஒன்றும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். டிஸ்க் பிட்லாக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருந்தால் அந்தப் பூட்டின் சாவி டிபிஎம்மோடு கட்டப்பட்டிருக்கும்.

பயாஸ் முறை 'லெகசி' என்று காட்டுகிறது. மாற்றிவிடலாமா?

உடனே மாற்றாதீர்கள். அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் 'பயாஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும். அதில் யூஇஎஃப்ஐ என்றிருந்தால் கவலையில்லை. லெகசி என்றிருந்தால் உங்கள் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய அமைப்பில் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு பயாஸில் மட்டும் யூஇஎஃப்ஐக்கு மாற்றினால், பூட் செய்ய எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் வந்து நிற்கும். டேட்டா போய்விட்டதென்று பதற வேண்டாம். பயாஸில் பழைய அமைப்பைத் திரும்ப வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும்.

முறையான வழி, முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய அமைப்புக்கு மாற்றுவது. அதற்கு எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. அதில் 'வேலிடேட்' என்று கொடுத்தால் மாற்ற முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லும், எதையும் தொடாது. அது சரி என்று சொன்ன பிறகு, பேக்கப் எடுத்துவிட்டு, 'கன்வெர்ட்' கொடுக்க வேண்டும். பயாஸை மாற்றுவது அதற்கும் அப்புறம்.

நம் ஊர் டெஸ்க்டாப்களில் இந்தச் சோதனை அடிக்கடி தோற்கும். காரணம், டிஸ்க்கை சி, டி, ஈ, எஃப் என்று நாலைந்தாகப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம். எம்பிஆர் அமைப்பில் அவற்றில் சில 'எக்ஸ்டெண்டட்' பிரிவுக்குள் போயிருக்கும். அப்படி ஒரு பிரிவு இருந்தாலோ, முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருந்தாலோ இந்தக் கருவி வேலை செய்யாது. அப்போது டி, ஈ-யில் இருப்பதையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு அந்தப் பிரிவுகளை நீக்கித்தான் தொடர முடியும். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள், வேலை நாளில் வேண்டாம்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கார்டு ரொம்பப் பழையதென்றால் யூஇஎஃப்ஐ முறையில் திரையே வராமல் போகலாம். கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டின் சொந்த வீடியோ இணைப்பில் மானிட்டரைச் செருகிப் பாருங்கள்.

பிசி ஹெல்த் செக்கில் பச்சை டிக் வந்துவிட்டது. இனி போட்டுவிடலாம்தானே?

அந்த டிக் சொல்வது, இந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஓடும் என்பதை மட்டும். உங்கள் பிரிண்டர், டோங்கிள் (செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும் என்ற சிறு யூஎஸ்பி கருவி), பில்லிங் மென்பொருள் எதையும் அது பார்ப்பதில்லை.

ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் நான் கற்றுக்கொண்ட பாடம் இது. தை மாதம், முகூர்த்த சீசன். மாலை ஏழு மணிக்குக் கணினியைச் சோதித்தேன், எல்லாம் பச்சை. இரவே 11 போட்டுவிட்டேன். பேஜ்மேக்கர் திறந்தது, எழுத்துருக்கள் இருந்தன, பிரிண்டர் டெஸ்ட் பேஜ் கொடுத்தது. நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். காலை ஒன்பதரைக்கு போன்: "தமிழ் அடிக்க வரலை." அவர்கள் பல வருடங்களாகப் பயன்படுத்தும் தமிழ் மென்பொருளுக்கு ஒரு யூஎஸ்பி டோங்கிள் உண்டு. சிபியூவுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, தூசி படிந்து கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை. அதன் பழைய டிரைவரை (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) விண்டோஸ் 11 ஏற்கவில்லை. பத்திரிகை வாங்க வந்தவர் குடும்பத்தோடு கடையில் உட்கார்ந்திருந்தார். திரும்ப 10-க்குக் கொண்டுவந்து முதல் பத்திரிகை அச்சாகும்போது மதியம் ஆகிவிட்டது.

அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் கணினியின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறதென்று தாளில் எழுதிக்கொள்கிறேன். அப்புறம் அங்கே வேலை செய்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் வந்ததும் முதலில் எதைத் திறப்பீர்கள், அடுத்தது எது என்று ஒரு முழு நாளைச் சொல்லச் சொல்கிறேன். ஸ்டார்ட் மெனுவில் நாற்பது மென்பொருள் இருக்கும். உண்மையில் தேவைப்படுவது ஐந்தோ ஆறோதான். அந்த ஐந்தாறையும் ஒவ்வொன்றாகச் சோதித்தால் போதும்.

பிரிண்டர், ஸ்கேனர் வேலை செய்யுமா?

இதற்கு ஒரு கேள்வி கேட்டாலே பாதி பதில் கிடைத்துவிடும்: இப்போது இருக்கும் விண்டோஸ் 10 32-பிட்டா, 64-பிட்டா? செட்டிங்ஸில் அதே அபௌட் பக்கத்தில் 'சிஸ்டம் டைப்' என்ற வரியைப் பாருங்கள். 64-பிட் 10-இல் ஒழுங்காக ஓடும் கருவி பெரும்பாலும் 11-இலும் ஓடும், அதே டிரைவரே போதும். 32-பிட் என்றால் கதை வேறு. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. நேரடியாக அப்கிரேடும் செய்ய முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் 64-பிட் டிரைவர் தேட வேண்டும். பழைய ஸ்கேனர்களுக்கும் பயோமெட்ரிக் கருவிகளுக்கும் அது வராமலே போயிருக்கலாம்.

டிரைவர்களை முன்கூட்டியே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக வைஃபை, லேன் டிரைவர்கள். புதிதாக நிறுவிய பிறகு இணையமே வராவிட்டால், இணையத்திலிருந்து டிரைவர் எப்படி இறக்குவது?

பழைய டிரைவர் தகராறு செய்யுமா என்று 10-இலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன் போங்கள். அங்கே 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பொத்தானை இயக்கிப் பாருங்கள். பொருந்தாத டிரைவர் இருந்தால் கோப்புப் பெயரோடு பட்டியல் போட்டுக் காட்டும். எப்போதோ கழற்றி எறிந்த வெப்கேமின் டிரைவர்கூட அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்தப் பட்டியலைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் நான் அடுத்த வேலையைத் தொடங்குவேன்.

ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறோம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் என்ன ஆகும்?

சான்றிதழ் டோக்கனுக்குள் இருக்கிறது, கணினியில் இல்லை. விண்டோஸ் மாறினாலும் அது அழியாது. மாறிய பிறகு டோக்கனின் டிரைவரை மறுபடியும் நிறுவ வேண்டி வரலாம், அதன் புதிய பதிப்பை முன்பே இறக்கி வையுங்கள். டோக்கனை 'இனிஷியலைஸ்' செய்யச் சொல்லித் திரையில் எது வந்தாலும் சரி என்று அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் சான்றிதழ் போய்விடும். ஜிஎஸ்டி தளத்துக்கு எம்சைனரையும் வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜையும் திரும்ப நிறுவி, ஒரு கையொப்பம் போட்டுப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

தேதியையும் பாருங்கள். ஜூலைக் கடைசி, செப்டம்பர்க் கடைசி, மாதத்தின் 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி என்ற வரித் தாக்கல் கெடுக்களை ஒட்டிக் கணினியைத் தொடவே வேண்டாம்.

தமிழ் டைப்பிங்கும் பழைய எழுத்துருக்களும்?

பாமினி, வானவில் போன்றவையும், டாப், டாம், டிஸ்கி குறியீட்டு முறைகளில் அமைந்த பழைய எழுத்துருக்களும் வெறும் எழுத்துருக் கோப்புகள்தான். அவற்றை 11-இலும் நிறுவலாம், பழைய ஆவணங்களும் திறக்கும். ஆனால் அந்தக் கோப்புகளைத் தனியாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். இருபது வருடக் கோவில் அழைப்பிதழ்களும் நோட்டீஸ்களும் எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அது தொலைந்தால், ஆவணம் திறந்தும் வாசிக்க முடியாது.

தட்டச்சு மென்பொருள்தான் சோதிக்க வேண்டியது. அழகி, என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை எதைப் பயன்படுத்தினாலும் அதன் நிறுவுகோப்பும், கட்டணம் செலுத்தி வாங்கியிருந்தால் அதன் எண்ணும் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். யூனிகோடில் மட்டும் எழுதுபவர்களுக்குத் தமிழ்99, ஒலிப்பு முறை இரண்டும் விண்டோஸிலேயே இருக்கின்றன. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, வேண்டிய விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள்.

லதா எழுத்துருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவினால் லதா கூடவே வராது. லதாவில் எழுதிய ஆவணத்தைத் திறந்தால் நிர்மலா போன்ற வேறு எழுத்துருவில் காட்டும், வரிகள் இடம் மாறும், இரண்டு பக்கக் கடிதம் மூன்று பக்கமாகும். 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருத் தொகுப்பு இருக்கிறது. அதைச் சேர்த்தால் லதா வந்துவிடும்.

பத்து, பதினைந்து வருடப் பழைய மென்பொருள் ஓடுமா?

32-பிட் மென்பொருள் ஓடும். 16-பிட் நேரடியாக ஓடாது. சில பழைய மென்பொருள்களில் மென்பொருள் 32-பிட்டாக இருக்கும், ஆனால் அதை நிறுவும் கோப்பு மட்டும் 16-பிட்டாக இருக்கும். ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் வரை தெரியாது. புதிதாக நிறுவப் போகும்போதுதான் சிடி கைவிரிக்கும். அப்படிப்பட்டவை இருந்தால் புதிதாக நிறுவாமல், இருப்பதன் மேலேயே அப்கிரேட் செய்யும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸ் 11-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கிடையாது. அதை நம்பியிருக்கும் பழைய தளமோ கேமரா டிவிஆரோ இருந்தால், எட்ஜ் உலாவியில் 'ஐஇ மோட்' என்ற வசதியை இயக்கிப் பாருங்கள். அதை இப்போதைய 10-இலேயே சோதித்துவிடலாம்.

4 ஜிபி ரேம் போதும் என்கிறார்களே?

நிறுவப் போதும். வேலை செய்ய 8 ஜிபி வேண்டும். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டால் இன்னும் நல்லது.

எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்க முடியுமா?

விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ கோப்பை மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து இறக்கி, 10-க்குள்ளிருந்தே அதைத் திறந்து செட்டப்பை ஓட்டுங்கள். நிறுவும் முன் அது ஒரு சோதனை நடத்தும். இடைஞ்சலான மென்பொருள் இருந்தால் பெயரைச் சொல்லும். 'இன்ஸ்டால்' பொத்தானை அழுத்தாமல் மூடிவிட்டால் எதுவும் மாறாது.

வருமானம் தரும் கணினி என்றால் நான் செய்வது வேறு. ஒரு எஸ்எஸ்டி வாங்கி, இருக்கும் டிஸ்க்கை அப்படியே அதில் குளோன் எடுத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, எஸ்எஸ்டியில் 11 போடுகிறேன். ஏதாவது தகராறு என்றால் பழைய டிஸ்க்கை மாட்ட கால் மணி நேரம்தான். அந்த அச்சகத்துக்கு இரண்டாம் முறை போனபோது இப்படித்தான் செய்தேன். டோங்கிளின் புதிய டிரைவரை முன்பே வாங்கி, 10-இல் சோதித்துவிட்டுப் போனேன். இப்போது அங்கே 11-தான் ஓடுகிறது.

பேக்கப் தவிர வேறு என்ன கையில் வைத்துக்கொள்ள வேண்டும்?

பிட்லாக்கர் மீட்புச் சாவி. 48 இலக்க எண். "நான் பிட்லாக்கரே போடவில்லை" என்பார்கள். பல லேப்டாப்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே தாமாக டிஸ்க்கைப் பூட்டிக்கொள்கின்றன. பயாஸில் கைவைத்த பிறகு நீலத் திரையில் அந்த எண்ணைக் கேட்டால், எண் இல்லாதவருக்கு டேட்டா போனது போனதுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அது சேமிக்கப்பட்டிருக்கும். பார்த்துத் தாளில் எழுதி, அந்தக் கணினியில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். பயாஸைத் தொடும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வையுங்கள்.

என் கணினி பட்டியலில் இல்லை. "நான் போட்டுத் தருகிறேன்" என்கிறார் ஒருவர். போடலாமா?

போட முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட கணினிகளுக்குத் திருத்தங்கள் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. மிகப் பழைய ப்ராசஸர்களில் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது, அதற்குத் தேவையான கட்டளைத் தொகுதி அவற்றில் இல்லை. திருத்தம் வேண்டும் என்பதற்காகத்தானே 11-க்கு மாறுகிறோம்? ஒரு தொழில் நடக்கும் கணினியில் நான் இதைச் செய்து தருவதில்லை. இணையம் பார்ப்பதும் கடிதம் அடிப்பதும்தான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென் டிரைவில் எழுதி, நிறுவாமலேயே அதிலிருந்து பூட் செய்து பாருங்கள். வைஃபை, பிரிண்டர், சத்தம், தமிழ் எல்லாம் வருகிறதா என்று ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

11 போட்ட பிறகு ஒத்துவரவில்லை என்றால்?

அப்கிரேட் செய்திருந்தால் பத்து நாட்கள் வரை திரும்பிப் போகலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி பகுதியில் 'கோ பேக்' என்று இருக்கும். பழைய விண்டோஸ் முழுவதும் சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்ட்' என்ற ஃபோல்டரில் காத்திருக்கும். இடம் அடைக்கிறதே என்று அதை டிஸ்க் கிளீனப்பில் அழித்துவிட்டால் அந்த வழி மூடிவிடும். அந்தப் பத்து நாளுக்குள் உங்கள் எல்லா வேலையையும் ஒரு முறையாவது செய்து பாருங்கள்: ஒரு பில், ஒரு கையொப்பம், ஒரு ஸ்கேன், ஒரு தமிழ்க் கடிதம். மாதக் கடைசியில் மட்டும் செய்யும் சம்பளப் பட்டியல் மாதிரி வேலை இருந்தால், அதையும் ஒத்திகையாக ஓட்டிவிடுங்கள்.